பாயோடு போன சட்டத்தரணி

ஜன்னல் பக்கம் நீங்களே இருங்க தம்பி. பஸ்ஸில எனக்கு இந்தப் பக்கம்தான் நல்லம், காலை நீட்டலாம். நான் பொலன்னறுவ மட்டும்தான் போறன். ஒரு தண்ணி இறைக்கிற மிசின் விக்கப் போறாங்களாம், இண்டைக்கே போய்ப் பாக்காட்டி ஆரும் கொண்டுபோயிருவாங்க. நீங்க கொழும்புக்கா? சொந்த இடம் எங்க? தலவாக்கலையா, நல்லது. அப்ப நீங்க வடக்கும் இல்ல, கிழக்கும் இல்ல. உங்களிட்டச் சொல்லலாம். நடுவில நிண்டு நியாயம் கேக்க ஒரு ஆள் எனக்குக் கன நாளாக் கிடைக்கல்ல.

நான் பிரதேசவாதி இல்ல. அதை முதல்லயே சொல்லிர்ரன். யாழ்ப்பாணத்து ஆக்களில எனக்கு ஒரு கோபமும் இல்ல. படிச்ச ஆக்கள், உழைப்பாளிகள், எங்க போனாலும் ஒரு கதிரையக் கண்டுபிடிச்சு இருந்துருவாங்க. அதில என்ன பிழை? கதிரை இருக்கிறதே இருக்கத்தானே. என்ட அப்பா காணிக் கடதாசி எடுக்க மட்டக்களப்பு அரசாங்கக் கச்சேரிக்குப் போனா, அங்க எல்லாக் கதிரையிலயும் அவங்கதான். 'நாளைக்கு வாரும்' எண்டுவாங்க. நாளைக்குப் போனா அந்த ஆள் லீவில ஊருக்குப் போயிருப்பார். அப்பா அந்தக் கடதாசியக் காணாமலே செத்துப்போனார். அதுக்காக நான் ஒரு யாழ்ப்பாணத்து ஆளையும் வெறுக்கல்ல. விசுவலிங்கத்தார ஒருத்தரத் தவிர. அவரையும் வெறுக்கல்ல. அவர் ஒரு வார்த்தை சொல்லவேணும், அவ்வளவுதான்.

விசுவலிங்கம் எண்டா யாழ்ப்பாணத்தில பேர்போன சட்டத்தரணி. நான் ஆரெண்டு கேப்பீங்க. அழகரெத்தினம், கூட்டுறவுச் சங்கத்தில மனேச்சரா இருந்து ஓய்வெடுத்த ஆள். இப்ப கிழக்குக் குடிமக்கள் ஒன்றியத்துக்குத் தலைவர். எப்படித் தலைவரான எண்டதையும் சொல்றன், அதுக்கும் அவர்தான் காரணம்.

முந்தி ஒருக்கா, புதிய அரசியலமைப்புக் கொண்டுவரப் போறம், சனங்கள் எல்லாரும் தங்கட தங்கட யோசனையத் தாங்க எண்டு அரசாங்கம் ஒரு குழு போட்டிச்சு. எந்த அரசாங்கம் எண்டு கேக்காதீங்க, எல்லா அரசாங்கமும் ஒருக்காப் போடும். தமிழ் ஆக்கள் ஆளுக்கொரு கடதாசி தந்தா நாங்க எதைப் பாக்கிற, வடக்கும் கிழக்கும் சேர்ந்து ஒரே மகஜராத் தாங்க எண்டு அந்தக் குழு கேட்டிச்சு. நியாயமான கதைதானே. அங்க விசுவலிங்கத்தார்ர வடபுலக் குடிமக்கள் கழகம், இஞ்ச எங்கட ஒன்றியம். ரெண்டும் இருந்து பேசி எழுதுவம் எண்டு முடிவாச்சு. எங்க இருந்து பேசிற எண்டு முடிவாகத்தான் கன மாசம் போச்சு. கடைசியில அவங்க மட்டக்களப்புக்கு வர ஒத்துக்கொண்டாங்க. பெரிய மனசு.

முஸ்லிம் ஆக்களையும் கூப்பிடுவமே, பக்கத்து ஊர்தானே எண்டு எங்கட ஒருத்தர் கேட்டார். முதல்ல நாங்க ஒற்றுமையாவம், மறுகா அவங்களைப் பாப்பம் எண்டு விட்டுட்டம். திருகோணமலைக்காரர் தங்களை ஏன் கூப்பிடல்ல எண்டு கோவிச்சுக் கொண்டாங்க. மறுகா மலைநாட்டில இருந்து... என்ன தம்பி? ஓம் ஓம், உங்கட ஆக்களுக்கும் பிரச்சினை இருக்கு, இல்லையெண்டு நான் சொல்லல்ல. அதைப் புறகு பாப்பம். இதைக் கேளுங்க.

இழுபறி ஒரேயொரு விசயத்திலதான். பொலிசு ஆரிட்ட இருக்கவேணும், காணி ஆரிட்ட இருக்கவேணும் எண்டதெல்லாம் கடிதத்திலயே ஒத்துக்கொண்டிட்டம். அதெல்லாம் கொழும்பு தரவேண்டிய சாமான். அடுத்தவன் தரவேண்டிய சாமானுக்கு எங்களுக்குள்ள என்ன சண்டை? வடக்கும் கிழக்கும் சேர்ந்து ஒரு சபை வந்தா, அது முதல் முதல் எங்க கூடுற எண்டதுதான் சண்டை. அது ஒண்டுதான் நாங்களே ஒருத்தருக்கொருத்தர் குடுக்கக்கூடிய சாமான். அதாலதான் குடுக்க ஏலாமப் போச்சு.

சின்ன விசயமாத்தான் உங்களுக்குத் தெரியும். எனக்கு அது சின்னது இல்ல. முதல் கூட்டம் யாழ்ப்பாணத்தில நடந்தா அந்தச் சபையும் அங்கதான் ஊண்டிக்கும். மறுகா எங்கட பொடியங்கள் பழையபடி பஸ் ஏறிப் போய் 'நாளைக்கு வாரும்' கேக்கவேணும். மட்டக்களப்பில ஒருக்காக் கூடினா, இது எங்களுக்கும் சொந்தம் எண்டு எங்கட சனம் நம்பும். இதில நான் என்ட வீட்டுக்கு ஒண்டும் கேக்கல்ல. ஒருநாள், ஒரு கூட்டம், அதுவும் முதல் கூட்டம்.

பேச்சுவார்த்தை என்ட வீட்டிலதான் நடந்திச்சு. மண்டபம் எடுத்திருந்தம், அண்டைக்கெண்டு அங்க ஒரு கலியாணம் புகுந்திட்டு. சரி வீட்டில வைப்பம் எண்டு வாடகைக்குக் கதிரை சொல்லியிருந்தன். முதல்நாள் எங்கட வீதியில ஒரு சாவு, கதிரை எல்லாம் அங்க போயிட்டு. செத்த வீட்டில போய்க் கதிரையக் கேக்க ஏலுமா? என்ட மனிசி நேசமணி, என்னத்துக்குக் கவலைப்படுறீங்க, நல்ல பன்பாய் இருக்கே எண்டு விறாந்தையில வரிசையா விரிச்சு விட்டா. புதுப் பாய், சிவப்புக் கரை வச்சது. வட்டா நிறைய வெத்திலையும் அடுக்கி நடுவில வச்சா. எங்கட பக்கம் பாய் விரிச்சு வெத்தில வட்டா வைக்கிறதெண்டா மரியாதை தம்பி. ஆள் பெரிய ஆள் எண்டாத்தான் புதுப் பாய்.

யாழ்ப்பாணத்தில இருந்து மூண்டு பேர் வந்தாங்க. விசுவலிங்கத்தாரும், ரெண்டு இளம் ஆக்களும். வாசல்ல நிண்டு பாயப் பாத்தாங்க. மூண்டு பேர்ர முகமும் ஒரே மாதிரிப் போயிட்டு. ஒருத்தர் தனக்கு முழங்காலில வருத்தம், நிண்டுகொண்டே பேசிறன் எண்டார். மற்றவர் கொண்டுவந்த பெட்டியப் பாயில வச்சு அதுக்கு மேல குந்தினார். எனக்கு ஒண்டும் விளங்கல்ல. நேசமணிக்கு விளங்கிட்டு. குசினிக்குள்ள போய்ச் சட்டியப் போட்டுடைக்கிற சத்தம் கேட்டிச்சு.

உங்களுக்குத் தெரியாது, நீங்க மலைநாட்டு ஆள். யாழ்ப்பாணத்தில ஒரு கதை இருக்கு. மட்டக்களப்புக்குப் போற ஆளை அங்க மந்திரம் செய்து பாயோட ஒட்ட வச்சிருவாங்களாம், போன ஆள் திரும்பி வரமாட்டானாம். எனக்குத் தெரிய விசயம் இதுதான். இஞ்ச உத்தியோகத்துக்கு வந்த பொடியங்கள் கட்டித் தயிரும் சோறும் திண்டு பாத்தாங்க, எங்கட பிள்ளைகளைக் கட்டிக்கொண்டு வாவிக்கரையில வீட்டோட இருந்துட்டாங்க. உன்ட மகன் ஏன் வரல்ல எண்டு அங்க ஊராக்கள் கேட்டா அந்தத் தாய் என்ன சொல்லுவா? அவனுக்கு அங்க சந்தோசம் எண்டு சொல்ல ஏலுமா? மருந்து குடுத்து மயக்கிட்டாங்க எண்டு சொன்னா மானம் போகாது. அப்படித்தான் அந்தக் கதை வளந்திச்சு.

விசுவலிங்கத்தார் பண்பான மனிசன். ஒரு தரம் கண்ணை மூடித் திறந்தார், பாயில சப்பணம் கட்டி இருந்தார். வெத்திலயத் தொடல்ல. சாப்பாட்டு நேரம் வந்திச்சு. நேசமணி நண்டு, இறால், கட்டித் தயிர் எண்டு விடியக்குள்ள இருந்து பாடுபட்டு வச்சிருக்கா. அவர் தனக்கு அவிச்ச முட்டை போதும் எண்டார். கோதோட தாங்க, நானே உரிக்கிறன் எண்டார். வாழைப்பழம் தோலோட. இளநி கண்ணுக்கு முன்னால வெட்டவேணுமாம். நான் டொக்டர் சொன்ன பத்தியமாக்கும் எண்டு நினைச்சன். கோதும் தோலும் உள்ள சாமானுக்குள்ள மருந்து வைக்க ஏலா எண்டதை நேசமணிதான் எனக்கு உள்ள கூப்பிட்டு வச்சு விளங்கப்படுத்தினா. அவவுக்குக் கண்ணெல்லாம் கலங்கிட்டு. எனக்கு வந்த கோபத்துக்கு, முதல் கூட்டத்தோட ரெண்டாம் கூட்டத்தையும் மட்டக்களப்புக்கே கேட்டன்.

பின்னேரம் வரைக்கும் பேசினம். ஒண்டும் சரிவரல்ல. சரி, பஸ்ஸுக்கு நேரமாச்சு எண்டு எல்லாரும் ஒழும்பினம். விசுவலிங்கத்தார் மட்டும் ஒழும்பல்ல. கையை ஊண்டிப் பாத்தார், திரும்பவும் ஊண்டிப் பாத்தார். முகம் வெள்ளக் கடதாசி மாதிரிப் போயிட்டு. என்னை நிமிந்து பாத்து, மெல்லிசாச் சொன்னார்.

"ஐசே, எழும்பேலாமக் கிடக்கு."

தம்பி, சிரிக்கிறதெண்டாச் சிரிங்க. அண்டைக்கு நான் சிரிக்கல்ல. இடுப்புப் பிடிச்சிட்டு. கதிரையில இருந்து பழகின மனிசன், நாள் முழுக்கச் சப்பணம் கட்டி இருந்தா வேற என்ன நடக்கும்? ஆனா அந்த ரெண்டு இளம் ஆக்களும் ஆளை ஆள் பாத்தாங்க. ஒருத்தருக்கு முழங்கால் வருத்தம் எல்லாம் எங்க போச்சோ தெரியா, முன்னுக்கு ஓடினவர் அவர்தான். பெட்டிய விட்டுட்டுப் போயிட்டாங்க. மறுகா நான்தான் பார்சல்ல அனுப்பினன்.

நாட்டு வைத்தியம் பாக்கிற பரியாரியார் வந்து பாத்தார். நரம்பு பிசகியிருக்கு, ஆளை அசைக்கக் கூடாது, கிடக்கிற பாயில கிடக்கட்டும் எண்டார். ஆசுபத்திரிக்குக் கொண்டுபோவம் எண்டன். விசுவலிங்கத்தாரே வேணாம் எண்டிட்டார். தூக்கினா உயிர் போற மாதிரி நோவு. அப்ப அந்தப் பாயிலதான் கிடந்தார். ரெண்டு கிழமை, பதினாலு பதினஞ்சு நாளாகும். முதல் ரெண்டு மூண்டு நாள் அந்த முட்டையும் வாழைப்பழமும்தான். அவிச்சு அவிச்சு எங்கட கோழியெல்லாம் களைச்சுப் போச்சு. நேசமணி அவரோட கதைக்கவே இல்ல. முட்டையக் கொண்டுவந்து டக்கெண்டு வைப்பா, போயிருவா.

ஒருநாள் மத்தியானம் அவ நண்டுக் கறி காச்சினா. முருங்கை இலையும் போட்டு, எப்பவும் காச்சிறதை விடக் கூட வாசமாக் காச்சினா. வேணுமெண்டுதான் காச்சினா, நான் சத்தியம் பண்ணுவன். வாசம் விறாந்தைக்கு வந்திச்சு. விசுவலிங்கத்தார் முட்டையக் கையில வச்சுக்கொண்டு கூரையப் பாத்துக்கொண்டு கிடந்தார். மறுகா, அம்மா எண்டு கூப்பிட்டார். நேசமணி வந்தா. கொஞ்சம் சோறு கிடைக்குமோ எண்டு கேட்டார். அவ சாப்பாட்டுக் கோப்பையில சோத்தப் போட்டு, கறிய விட்டுப் பிசைஞ்சு, அவருக்கு முன்னால முதல் வாய் தான் திண்டு காட்டினா. மறுகா கோப்பையை அவர்ர கையில குடுத்தா. அவர் திண்டார் தம்பி. படுத்த வாக்கில, ஒரு பக்கம் சரிஞ்சு, நண்டுக்காலை உறிஞ்சி உறிஞ்சித் திண்டார். திண்டு முடிய, கை கழுவத் தண்ணி வாத்த என்னைப் பாத்துச் சொன்னார்.

"ஐசே அழகரெத்தினம், சட்டம் படிக்க முந்தி நான் இந்த ஊரிலை கிளாக்கரா இருந்தனான், தெரியுமோ? வெளிக்கிடேக்கை அம்மா என்ரை கையைத் தன்ரை தலையிலை வைச்சுச் சத்தியம் வாங்கினவ, ஒரு வீட்டிலையும் கை நனைக்கக் கூடாதெண்டு. பக்கத்து வீட்டு மனிசி வருசப் பிறப்புக்குப் பலகாரம் கொண்டந்து தந்தவ. வாங்கி வேலிக்கு அங்காலை எறிஞ்சனான். அவ கண்டிட்டா. எண்டாலும் அடுத்த வருசமும் கொண்டந்து தந்தவ."

எனக்கு ஆத்திரமும் வந்திச்சு, அழுகையும் வந்திச்சு. ரெண்டையும் ஒரே நேரத்தில காட்ட ஏலாம, எண்ணெயை எடுத்து அவர்ர இடுப்பில தேச்சன். கொஞ்சம் பலமாத்தான் தேச்சன்.

அதுக்குப் புறகு அவர் வேற மனிசன். வெத்திலையும் போட்டார். நேசமணியோட இருந்து, இல்ல, கிடந்து ஊர்க்கதை எல்லாம் பேசினார். யாழ்ப்பாணத்தில தன்னைக் கண்டா எல்லாரும் எழும்பி நிக்கிறவங்களாம், கிட்ட வந்து இருக்கிறதுக்குத்தான் ஆளில்லையாம். இஞ்ச பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் வந்து அவரைச் சுத்தி இருந்து பாடம் கேட்டுதுகள். இடுப்பு நல்லா வந்தாப்போல தெரிஞ்சாலும் இன்னும் நோகுது, இன்னும் நோகுது எண்டு கிடந்தார். எண்ணெய் தேய்க்கிற நேரம் எல்லாம் நான் முதல் கூட்டத்தைப் பத்திப் பேசினன். வற்புறுத்தல்ல. தேச்சுக்கொண்டே பேசினன். எங்கட அப்பாட காணிக் கடதாசிக் கதையையும் சொன்னன். அவர் ஒரு வெத்திலைய மடிச்சு வாயில போட்டார். மறுகா, எழுதும் எண்டார். முதல் கூட்டம் மட்டக்களப்பில, ரெண்டாவது யாழ்ப்பாணத்தில, அப்படி மாறி மாறி எண்டு அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினன். படுத்த வாக்கிலயே கையெழுத்து வச்சார். அண்டைக்கு நான் எங்கட அப்பாட படத்துக்கு முன்னால விளக்குக் கொளுத்தினன். சும்மா சொல்லல்ல தம்பி, அவ்வளவு சந்தோசம் எனக்கு முந்தியும் இருக்கல்ல, புறகும் வரல்ல.

இனித்தான் நான் செய்த பிழை வருது. பிழை இல்ல, நல்லதுதான் செய்தன். அவரை ஊருக்கு அனுப்ப ஒரு வான் வண்டி பிடிச்சம். பரியாரியார் தூக்கி மாத்தாதீங்க, பாயோடயே தூக்குங்க எண்டார். நாலு பேர் நாலு மூலையில பிடிச்சு, பாயோட வானுக்குள்ள வச்சம். அந்தப் பாயை அவரே வச்சுக்கொள்ளட்டும் எண்டு நேசமணி சொன்னா. நல்ல மனசோடதான் சொன்னா. வான் யாழ்ப்பாணம் போய் அவர்ர வீட்டு வாசல்ல நிண்டிச்சு. அவங்கட கழகத்து ஆக்கள் எல்லாரும் வந்து நிக்கிறாங்க, அந்த ரெண்டு இளம் ஆக்களும் நிக்கிறாங்க. கதவைத் திறந்தா விசுவலிங்கத்தார் பாயோட வந்து இறங்கிறார். மட்டக்களப்புப் பாய், சிவப்புக் கரை. வாயெல்லாம் வெத்திலை. முகத்தில சிரிப்பு. கையில ஒரு கடதாசி, அதில முதல் கூட்டம் மட்டக்களப்பில எண்டு இருக்கு. இதுக்கு மேல அவங்களுக்கு என்ன சாட்சி வேணும்?

கழகம் கூடிச்சு. அந்தக் கூட்டத்தில இருந்த ஒருத்தர்தான் எனக்கு நடந்ததைச் சொன்னார். சுய புத்தியோட வச்ச கையெழுத்து இல்ல, செல்லாது எண்டு ஒருத்தர் எழும்பினாராம். சட்டத்தில அப்படி ஒரு இடம் இருக்கெண்டு இன்னொருத்தர் புத்தகம் காட்டினாராம். கடைசியாக் கழகத் தலைவர், உங்களுக்கு அங்க ஏதும் தந்தவையோ எண்டு விசுவலிங்கத்தாரையே கேட்டாராம். அவர் இல்லை எண்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தா, அப்ப நீர் புத்தியோடதான் எங்கட உரிமைய விட்டுக் குடுத்தீரோ எண்டு கேட்டிருப்பாங்க. அவர் குனிஞ்சு நிலத்தைப் பாத்தாராம். பேசாம இருந்தாராம். அவ்வளவுதான், எல்லாரும் அவரில இரக்கப்பட்டு வீட்ட கொண்டுபோய் விட்டாங்களாம். என்ட வீட்டில ரெண்டு கிழமை நண்டுக்காலை உறிஞ்சின வாய், தம்பி. ஒரு வார்த்தை. நேசமணிக்கு இதைச் சொல்ல எனக்கு நாக்கு வரல்ல. அவவே எப்படியோ கேள்விப்பட்டு, அண்டையில இருந்து நண்டு காச்சிறதையே விட்டுட்டா.

மறுகா என்ன, அவங்க ஒரு மகஜர் அனுப்பினாங்க, நாங்க ஒண்டு அனுப்பினம். அவங்கட மகஜரில பாதி எங்களைப் பத்தி, எங்கட மகஜரில முக்காவாசி அவங்களைப் பத்தி. அதுக்குள்ள அரசாங்கம் மாறி அந்தக் குழுவும் கலைஞ்சு போச்சு. ரெண்டு மகஜரும் கொழும்பில ஏதோ ஒரு கந்தோரில ஒரே அலுமாரிக்குள்ள கிடக்குதாம். வடக்கும் கிழக்கும் கடைசியா அங்கதான் இணைஞ்சுது.

இஞ்ச என்ன நடந்திச்சு எண்டா, யாழ்ப்பாணத்துச் சட்டத்தரணி ஒருத்தரை அழகரெத்தினம் பாயில ஒட்ட வச்சுக் கையெழுத்து வாங்கிட்டான் எண்டு எங்கட ஆக்களுக்கு ஒரே புளுகம், தலகால் தெரியாத சந்தோசம். எனக்கு மந்திரம் தெரியா எண்டு நான் சொன்னன். சொல்லச் சொல்ல நம்பிக்கை கூடிச்சு. தெரிஞ்ச ஆக்கள் தெரியும் எண்டு சொல்லமாட்டாங்கதானே எண்டாங்க. வாகரைப் பக்கம் இருந்து ஒரு பிள்ளை புருசன்ட சேர்ட்டைத் தூக்கிக்கொண்டு வந்திச்சு, அவன் இன்னொருத்தியோட போயிட்டானாம், நான் அவனை மந்திரத்தால கட்டித் தரவேணுமாம். நான் புத்திமதி சொல்லி அனுப்பினன். ரெண்டு நாளில அவன் திரும்பி வந்திட்டான். அதுக்கு நான் என்ன செய்ய? மறுகா தேர்தலில நிண்ட ஒருத்தர் வந்து காலில விழுந்தார். கையை வச்சு, நல்லா இருங்க எண்டன். பெரியவன் ஒருத்தன் அப்படித்தானே சொல்ற? அவர் வெண்டுட்டார். ஒன்றியத்துக்குத் தலைவரைத் தெரிவுசெய்யிற நேரம், யாழ்ப்பாணத்தாரை மடக்கக்கூடிய ஆள் இவர்தான் எண்டு ஏகமனதா என்னைப் போட்டாங்க. அந்தக் கூட்டத்தில வச்சு நான் போய், இல்ல, அவருக்கு இடுப்புப் பிடிச்சது, நான் எண்ணெய் தேச்சன் எண்டு சொல்லிக்கொண்டிருக்க ஏலுமா? மாலை போடுற நேரம் கழுத்த நீட்டுற, அதான் மரியாதை. நான் ஒண்டும் சொல்லல்ல. ஆனா நான் சொல்லாதது வேற, அவர் சொல்லாதது வேற. உங்களுக்கு விளங்குதுதானே?

இப்ப பாருங்க, திரும்பவும் புதிய அரசியலமைப்பாம். திரும்பவும் குழுவாம். திரும்பவும் வடக்கும் கிழக்கும் சேர்ந்து ஒரே மகஜராக் கேக்கிறாங்க. போன மாசம் விசுவலிங்கத்தார் எனக்கு ஃபோன் எடுத்தார். இத்தனை வருசத்துக்குப் புறகு. குரல் கேட்டதுமே எனக்கு ஆள் விளங்கிட்டு. இடுப்பு எப்படி எண்டு கேட்டன். மழைக்கு நோகுது எண்டார். அம்மா சுகமோ எண்டு நேசமணியக் கேட்டார். மறுகா அவரே சொன்னார், அந்தப் பழைய கடதாசியத் தூசு தட்டி எடுப்பம், அதில பிழை ஒண்டுமில்லை, முதல் கூட்டம் மட்டக்களப்பிலயே இருக்கட்டும் எண்டு. ஆனா அதுக்கு முதல் இந்தப் பாய்க் கதையை முடிக்கவேணும். என்னிட்ட ஒருத்தரும் ஒண்டும் தரல்ல, நான் மனதாரத்தான் கையெழுத்து வச்சன் எண்டு தான் கழகத்தில சொல்லுவாராம். எனக்கு மந்திரம் மாயம் ஒண்டும் தெரியாது எண்டு நான் ஒன்றியத்தில சொல்லவேணுமாம். நான், நீங்க முதல்ல சொல்லுங்க எண்டன். அவர், நீர் முதல்ல சொல்லும் எண்டார். இதையே பல நாள் பேசினம். கடைசியா ரெண்டு பேரும் ஒரே நாள், ஒரே நேரம் எண்டு தீந்திச்சு. அவர் யாழ்ப்பாணத்தில, நான் மட்டக்களப்பில. பத்து மணிக்கு.

எந்த நாளா? இண்டைக்குத்தான்.

ஏன் அப்படிப் பாக்கிறீங்க? நான் ஓடல்ல தம்பி. மிசின் பாக்கப் போறன் எண்டு முதல்லயே சொன்னன்தானே. கூட்டத்துக்கு எல்லாரும் வந்திருப்பாங்க. தலைவருக்குச் சுகமில்ல எண்டு செயலாளர் சொல்லிருவார். ஒன்றியத் தேர்தல் அடுத்த மாசம் வருது, அது முடியட்டுமே. மறுகா ஆறுதலாச் சொல்லலாம். ஒரு மனிசன் தன்ட சனத்துக்கு முன்னால நிண்டு, நீங்க நினைக்கிற ஆள் நான் இல்ல எண்டு சொல்றது லேசான விசயமில்ல. அந்த வாகரைப் பிள்ளை இப்ப மூண்டு பிள்ளையோட நல்லா இருக்கு. அது வேற ஒவ்வொரு பொங்கலுக்கும் வந்து கும்பிட்டிட்டுப் போகுது.

கொஞ்சம் பொறுங்க, ஃபோன். அவர்தான்.

ஹலோ... ஓம், அழகரெத்தினம்தான். சொல்லுங்க... சொல்லிட்டன். ஓம், இப்பத்தான். எல்லாருக்கும் முன்னாலதான் சொன்னன்... ஒரு பிரச்சினையும் இல்ல, நல்லாக் கேட்டுக்கொண்டாங்க... சத்தமா? அது வெளியில வாகனங்கள் போகுது... வெலிகந்தையா? ஆர் வெலிகந்த எண்டு கத்தின? இல்லையே, உங்களுக்கு அப்படிக் கேட்டிருக்கும்... நீங்க சொல்லிட்டீங்களா? சந்தோசம். நல்ல சந்தோசம். ஆக்கள் என்ன சொன்னாங்க?... நல்லது. ஓம், நேசமணிக்குச் சொல்றன். இடுப்பைக் கவனமாப் பாருங்க. வைக்கிறன்.

தம்பி, அவர் சொல்லல்ல. பொய் சொல்றார். இஞ்ச எங்கட கொண்டக்டர் வெலிகந்த எண்டு கத்தின மாதிரியே, அவர்ர ஃபோனுக்குள்ளயும் கொண்டக்டர் ஒருத்தன் மாங்குளம், மாங்குளம் எண்டு கத்துறான், என்ட ரெண்டு காதாலும் கேட்டன். யாழ்ப்பாணத்தில கூட்டத்தில இருக்கிற ஆளுக்கு, கன தூரம் தெற்கால கிடக்கிற மாங்குளம் எங்க இருந்து வந்திச்சு? பத்து மணிக்குச் சொல்றன் எண்டு எனக்கு வாக்குத் தந்திட்டு, பஸ் ஏறி எங்கயோ ஓடுறார். பாத்தீங்களா? அவங்கட புத்தி போகாது. இதாலதான் எங்களுக்கு ஒண்டும் சரிவாறதில்ல.

நானா? நான் பொய் சொல்லல்லயே. எல்லாருக்கும் முன்னால சொன்னன் எண்டுதானே சொன்னன். இந்த பஸ்ஸுக்குள்ள எவ்வளவு ஆக்கள் இருக்காங்க? எனக்கு மந்திரம் தெரியா, அவருக்கு இடுப்புப் பிடிச்சது, நான் எண்ணெய்தான் தேச்சன் எண்டு உங்களிட்ட ஒண்டும் ஒளிக்காமச் சொன்னன்தானே. நீங்களே சாட்சி.

அவரும் இந்நேரம் பக்கத்தில இருக்கிற ஆரோ ஒருத்தருக்குச் சொல்லியிருப்பார். எனக்கு அவரைத் தெரியும், நல்ல மனிசன். ஒருத்தரும் ஒண்டும் தரேல்லை, நல்ல நண்டுக் கறிதான் தந்தவை எண்டு சொல்லிக்கொண்டு போவார். ரெண்டு பேரும் உண்மையத்தான் சொல்லியிருக்கம் தம்பி. எங்கட எங்கட ஆக்களுக்குத்தான் இன்னும் சொல்லல்ல.